புரட்டாசி சனிக்கிழமையில் ஒரு பீர் திருவிழா

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு மாதமாக யோசனை. நாற்றங்கால், எலிவெட்டு, வாய்க்கால் தண்ணி என்று எழுதிக்கொண்டிருக்கிறவன் திடீரென்று பீர் திருவிழாவைப் பற்றி எழுதினால் நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்பதைவிட, எங்க அக்கா என்ன நினைக்கும் என்பதுதான் பயம். இப்போது அக்காவுக்கே விஷயம் தெரிந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

ஆரம்பித்தது அவலில். ஆவணி மாதம் ஒருநாள் ராத்திரி அக்கா மகன் பெங்களூரிலிருந்து போன் செய்தான்.

"மாமா, தூயமல்லி நெல்லு எவ்வளவு கெடக்கு?"

"விதைக்குப் போக ஆறேழு மூட்டை இருக்கு மாப்ள. ஏன்?"

"முப்பத்தஞ்சு கிலோ அவல் போட்டு அனுப்புங்க. காசு குடுத்துடுறேன்."

அவன் படித்தது ஃபுட் டெக்னாலஜி. வேலை பார்ப்பது 'ஃபுட் கம்பெனி'. அக்காவுக்கும் எனக்கும் தெரிந்தது அவ்வளவுதான். பாரம்பரிய அரிசிப் பைத்தியம் பிடித்த ஆட்கள் அங்கேயும் இருப்பார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். நெல்லை ஊறப்போட்டு, அவல் மில்லில் கொடுத்து, சலித்து, இரண்டு சாக்கில் கட்டி பார்சலில் போட்டேன். கிலோ 110 ரூபாய் கணக்கில் 3,850 ரூபாய் மறுநாளே வந்துவிட்டது.

புரட்டாசியில் மறுபடி போன். "மாமா, வர்ற சனிக்கிழமை எங்க கம்பெனிக்கு அஞ்சாவது வருஷ விழா. நீங்க வந்தே ஆவணும். உங்க அவல்ல செஞ்சது அன்னைக்குத்தான் வெளியில வருது."

"என்னடா செஞ்சீங்க, மிக்சரா?"

சிரித்தான். "வாங்க, சொல்றேன்."

குறுவைக் கதிர் பழுத்துக்கொண்டிருந்தது. அறுப்புக்கு இன்னும் பத்து நாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தஞ்சாவூரில் மைசூர் எக்ஸ்பிரஸ் ஏறினேன். விடிகாலையில் பெங்களூர். குளித்து, நாமம் போட்டு, அவன் ரூமில் காபி குடிக்கும்போதுதான் சொன்னான்.

"நான் வேலை பாக்குறது ப்ரூவரி மாமா. பீர் காய்ச்சுற இடம். உங்க அவல்ல பீர்தான் போட்டிருக்கோம்."

எனக்குக் கையில் இருந்த டம்ளர் கனத்துவிட்டது.

ஏன் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எங்க அத்தான், அதாவது இவனோட அப்பா, குடித்தே போனவர். நன்னிலம் பக்கம் அவங்க ஊர். காரைக்கால் கிட்ட. அது பாண்டிச்சேரி கணக்கு என்பதால் சரக்கு விலை கம்மி. முதலில் பஸ் ஏறிக் காரைக்கால் போய்க் குடித்துவிட்டு வருவார். 2003 கடைசியில் சில்லறைக் கடைகளை டாஸ்மாக்கே எடுத்து நடத்த ஆரம்பித்த பிறகு பஸ் ஏற வேண்டிய வேலையும் இல்லாமல் போனது. மூன்று மா நிலம் கையை விட்டுப் போனது. அக்கா தாலிக்கொடியும் போனது. 2009 மாசியில் அவரும் போனார். வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்தார். இவன் அப்போது ஆறாவது படித்தான். கொள்ளிச்சட்டியைத் தூக்க முடியாமல் நான்தான் கூடப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அன்றையிலிருந்து நானும் தொட்டதில்லை. அதுவரை கொஞ்சம் உண்டு, பொய் சொல்வானேன்.

அந்தப் பையன்தான் பீர் காய்ச்சுகிறான். என் நெல்லில்.

கோபத்தில் அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பியிருப்பேன். "ஒரு தடவை வந்து பாத்துட்டு அப்புறம் திட்டுங்க மாமா" என்றான். போனேன்.

ஒயிட்ஃபீல்டு பக்கம். பெரிய கொட்டகை மாதிரி இடம், பாதி ஓட்டல், பாதி ஆலை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எவர்சில்வர் தொட்டிகள். உள்ளே நுழைந்ததும் ஒரு வாசம் வந்தது பாருங்க, அப்படியே நின்றுவிட்டேன். நம்ம விதைநெல் மூட்டம் பிரிக்கிற வாசம்!

நகரத்தில் இருக்கிறவர்களுக்கு மூட்டம் என்றால் தெரியாது. விதைநெல்லைச் சாக்கில் கட்டி ஒருநாள் தண்ணியில் ஊறப்போடுவோம். எடுத்து வடியவிட்டு, மேலே வைக்கோலைப் போட்டு மூடி, இன்னொரு நாள் வைப்போம். பிரித்தால் உள்ளே கை வைக்க முடியாத சூடு, வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும், இனிப்பும் பச்சையும் கலந்த மாதிரி ஒரு வாசம் அடிக்கும். நாற்றங்காலில் தெளிக்கிற பதம் அதுதான்.

"மால்ட்னா அதேதான் மாமா" என்றான். "பார்லிய ஊறவச்சு முளைகட்டுவாங்க. நாம தெளிச்சுடுறோம், அவங்க முளை வந்ததும் காயவச்சு நிறுத்திடுறாங்க. முளைக்கும்போது உள்ளே ஒரு நொதி உருவாகும். அது மாவை வெல்லமா மாத்தும். அந்த வெல்லத்தைத்தான் ஈஸ்ட் தின்னும்."

அவன் சொல்லச் சொல்ல எனக்குள் இருந்த விவசாயி முழித்துக்கொண்டான். கோபம் ஒரு பக்கம் இருக்க, கேள்வியாகக் கேட்டேன். அரிசியைப் போடாமல் ஏன் அவல்? அரிசியென்றால் முதலில் தனியாகக் குழைய வேகவைக்க வேண்டும், அவல் ஏற்கெனவே ஊறி வறுபட்டு நசுங்கியது, அப்படியே கொட்டலாம், 65 டிகிரி வெந்நீரில் கரைந்துவிடும் என்றான். முழுக்க அவலாகவே போடக்கூடாதா? கூடாது, முளைகட்டின பார்லியில்தான் அந்த நொதி இருக்கிறது, அதனால் நூறு கிலோ தானியத்துக்கு முப்பத்தஞ்சு கிலோ அவல், மீதி பார்லி, மொத்தம் 500 லிட்டர். அப்புறம் பார்லிக்குத் தோல் உண்டு, வடிகட்டும்போது அந்தத் தோல்தான் சல்லடை மாதிரி நிற்கும். அவலில் தோல் இல்லாததால் களியாக அடைத்துக்கொள்ளும். "அதுக்கு என்ன பண்ணுவீங்க?"

"உமி போடுவோம் மாமா."

"உமியா?"

"நெல்லு உமிதான். கழுவிப் போடுவோம். ருசி ஏறாது, தண்ணி வடியும்."

செங்கல் சூளைக்குப் போகிற உமி. சிரிப்பு வந்துவிட்டது.

கசப்புக்கு ஹாப்ஸ் என்று ஒரு கொடியின் பூ. காயவைத்த வேப்பம்பூ மாதிரி கையில் கொட்டிக் காட்டினான். ஜெர்மனியிலிருந்து வருகிறதாம். ஜெர்மனியில் பவேரியா என்ற பகுதியில் 1516லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள், பீரில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறு எதுவும் போடக்கூடாது என்று. "அந்தச் சட்டப்படி உங்க அவல் கலப்படம் மாமா" என்றான். அங்கே மியூனிக் நகரத்தில்தான் அக்டோபர்ஃபெஸ்ட் நடக்கிறது. 1810ல் ஒரு இளவரசன் கல்யாணத்துக்காக ஊரே கொண்டாடியது, அப்படியே வருஷா வருஷம் பீர் திருவிழாவாக நின்றுவிட்டது. புரட்டாசி ஐப்பசியில் உலகம் முழுக்க சின்னச் சின்ன ஆலைக்காரர்கள் விழா வைப்பது அதைப் பார்த்துத்தானாம்.

பெங்களூரில் இந்தச் சின்ன ஆலைகள் வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. இந்திராநகர் 100 அடி ரோட்டில் 2010ல் தொடங்கிய டாய்ட் என்கிற இடத்தில் 'பாஸ்மதி ப்ளாண்ட்' என்று அரிசி போட்டே ஒரு பீர் உண்டு. "பாஸ்மதிக்குப் பேர் இருக்கும்போது நம்ம தூயமல்லிக்கு என்ன கொறச்சல்னு தோணுச்சு மாமா. அதான்." தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

சாயங்காலம் நாலு மணிக்கு விழா. வேறு நாலைந்து சின்ன ஆலைக்காரர்களும் வந்து கடை போட்டிருந்தார்கள். நம்ம ஊர் விவசாயக் கண்காட்சி மாதிரியே வரிசையாக மேசை, பின்னால் குழாய், மேலே பலகை. நுழைவில் டோக்கன். பெரிய கிளாஸில் வாங்கிக் கவிழ்க்கிற கூட்டம் இல்லை, முக்கால்வாசிப் பேர் மருந்து கிளாஸ் மாதிரி சின்னதில் வாங்கி, முகர்ந்து, ஒரு வாய் குடித்து, எதிரில் நிற்கிறவனிடம் கேள்வி கேட்டார்கள். என்ன மால்ட்? எத்தனை நாள் வைத்தீர்கள்? ஒருத்தர் கேழ்வரகு போட்டிருந்தார், இன்னொருத்தர் மாம்பழம். குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். ஒரு மூலையில் குழந்தைகள் பலூன் வைத்து விளையாடிக்கொண்டிருந்தன. குடிக்கிற இடத்தில் குழந்தை விளையாடுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இவன் மேசைப் பலகையில் இங்கிலீஷிலும் தமிழிலும் எழுதியிருந்தது: தூயமல்லி. அதன் கீழே சின்ன எழுத்தில், அம்மாப்பேட்டை, தஞ்சாவூர்.

ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இந்தத் தூயமல்லி எனக்கு எப்படி வந்தது என்று பழைய வாசகர்களுக்குத் தெரியும். 2012ல் திருத்துறைப்பூண்டி ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதை வாங்கினேன். நெல் ஜெயராமன் அண்ணன் இருந்த காலம். இரண்டு கிலோ வாங்கினால் அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதுதான் விலை. அப்படிக் கை மாறி மாறித்தான் நூற்றுக்கும் மேலே ரகங்களை மீட்டார்கள். 2018 டிசம்பரில் அவர் போனபிறகும் திருவிழாவுக்கு முடிந்தபோதெல்லாம் போகிறேன். போவது விதைக்காக மட்டுமில்லை. அங்கே ஒருத்தர் நம்மைப் பார்த்து, "என்ன ரகம் வச்சிருக்கீங்க? எத்தனை நாள்? சாயுதா?" என்று கேட்பார். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் என் நெல்லுக்குப் பேர் உண்டு. மற்ற நாளில் கொள்முதலுக்குக் கொண்டுபோனால் சன்னமா மோட்டாவா, ஈரப்பதம் பதினேழுக்குள்ளே இருக்கா, முடிந்தது. அவர்கள் வேலை அது, குறை சொல்லவில்லை. ஆனால் நாலு மாதம் கூடவே இருந்து வளர்த்தவனுக்குக் கொஞ்சம் வலிக்கும்.

அன்றைக்குப் பெங்களூரில், பேன்ட் சட்டை போட்ட ஒரு பெண் வந்து, "தூயமல்லின்னா என்ன அர்த்தம்?" என்று இவனிடம் கேட்டது. இவன் என்னைக் கை காட்டினான். "இவர்தான் வெளைய வச்சது."

வேட்டியும் நாமமுமாக அந்த இடத்தில் நின்றுகொண்டு நான் வகுப்பு எடுத்தேன். நெல் பார்க்க மல்லிகை மொட்டு மாதிரி வெள்ளையாக இருக்கும், அதனால் அந்தப் பேர். நூற்று முப்பத்தைந்து நாள் பயிர். சம்பாவில் போட்டால் தை அறுப்பு. உரத்தைக் கூட்டினால் சாய்ந்துவிடும். பத்துப் பேர் சுற்றி நின்று கேட்டார்கள். ஒருத்தர் விதை கிடைக்குமா என்று நம்பர் வாங்கிக்கொண்டார். சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை மறைக்க எனக்குத் தெரியவில்லை.

ராத்திரி எட்டு மணி சுமாருக்குக் கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் இவன் ஒரு சின்ன கிளாஸைக் கொண்டுவந்து முன்னால் வைத்தான். "ஒரு வாய் மாமா. உங்க நெல்லு எப்படி வந்திருக்குன்னு."

புரட்டாசி சனிக்கிழமை. நெற்றியில் நாமம். பதினாறு வருஷம். எல்லாம் ஞாபகம் வந்தது. ஆனாலும் விளைய வைத்தவன் ருசி பார்க்காமல் எப்படி? ஒரு வாய் குடித்தேன். முதலில் கஞ்சித்தண்ணி மாதிரி லேசாக இருந்தது. அப்புறம் அவலை வெறும் வாயில் மெல்லும்போது கடைசியில் வருமே ஒரு தித்திப்பு, அது. அதற்குப் பின்னால் கசப்பு. நன்றாகத்தான் இருந்தது. கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன்.

"உங்கப்பாவும் பீர்லதாண்டா ஆரம்பிச்சாரு" என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது. அவன் முகம் சுருங்கிவிட்டது. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: "அப்பா என்ன குடிச்சாருன்னு அவருக்கே தெரியாது மாமா. எதுல செஞ்சது, யாரு செஞ்சா, எப்ப செஞ்சா, ஒண்ணும் தெரியாது. ஒரே மடக்குல முழுங்கிட்டு வாயைத் துடைச்சிட்டு வருவாரு. போன வருஷம் கள்ளக்குறிச்சியில அறுபது பேருக்கு மேல செத்தாங்களே, மெத்தனால்னு தெரிஞ்சா குடிச்சாங்க? எனக்கு அது என்னன்னு தெரியணும் மாமா. எங்கப்பாவைக் கொன்னது என்னன்னு தெரியணும். அதுக்குத்தான் இந்தப் படிப்பே படிச்சேன். படிச்ச அப்புறம் இது ஒரு நல்ல வேலைன்னு தோணிடுச்சு."

நான் விடவில்லை. "தெரிஞ்சு குடிச்சாலும் குடி குடிதாண்டா. ஈரலுக்குத் தூயமல்லின்னு தெரியவா போவுது?"

"அது உண்மைதான்" என்றான். அவன் வாதாடியிருந்தால் நானும் வாதாடியிருப்பேன். ஒப்புக்கொண்டது என்னவோ செய்தது.

பேச்சை மாற்ற அவனே ஒன்று சொன்னான். நெல்லில் காய்ச்சுவது புதுசு இல்லையாம். வீட்டில் அரிசியில் செய்கிற கள்ளுக்குச் சங்க காலத்தில் தோப்பி என்று பேர். பெரும்பாணாற்றுப்படையில் செய்முறையே இருக்கிறதாம்: அரிசியைக் களியாகத் துழாவி, அகலப் பாத்திரத்தில் ஆறவைத்து, புளிக்கவைக்கிற பொருளைக் கலந்து, இரண்டு பகல் இரண்டு ராத்திரி சாடியில் வைத்து, விரலால் அலைத்துப் பிழிவது. பட்டினப்பாலையில் நம்ம காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடிய அதே புலவர்தான் அதையும் பாடியவர். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் சங்க காலத்தில் அத்தான் மாதிரி எத்தனை பேர் போனார்களோ, அதை யார் பாடியது என்றும் தோன்றியது.

ராத்திரி ரூமில் படுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். விவசாயி புத்தி போகாது. ஒரு கிளாஸ் 450 ரூபாய். 2025ல் சன்ன ரக நெல் குவிண்டால் 2,545 ரூபாய். ஒரு கிளாஸுக்குப் பதினெட்டு கிலோ நெல் கொடுக்க வேண்டும். அந்தக் கிளாஸுக்குள் இருக்கிற என் அவல் இரண்டரை ரூபாய்க்கு வரும்.

ஊருக்கு வந்து குறுவை அறுத்தேன். அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும், மழை. கொட்டி வைத்த நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடி, எடுத்து, காயவைத்து, மறுபடி மூடி. ஒருநாள் காலையில் தார்ப்பாயைத் தூக்கினால் அதே வாசம். அடி நெல் முளைவிட்டிருந்தது. பெங்களூரில் அந்த வாசத்துக்குள் நுழைய ஜனம் டோக்கன் வாங்குகிறது. இங்கே களத்தில் அந்த வாசம் வந்தால் வயிற்றில் கல்லைப் போட்ட மாதிரி.

தீபாவளிக்கு இவன் வந்தான். கையில் ஒரு பை. காய்ச்சி வடித்தபிறகு மிஞ்சுகிற தானியச் சக்கை, காயவைத்தது, ஐந்து கிலோ இருக்கும். அங்கே பால் மாடு வைத்திருக்கிறவர்கள் வண்டி போட்டு வந்து ஈரச் சக்கையாகவே எடுத்துப் போகிறார்களாம். "அம்மாகிட்ட நீங்க சொல்லுங்க மாமா. என்னால முடியல."

நானும் அவனும் நன்னிலம் போனோம். அக்கா திண்ணையில் உட்கார்ந்திருந்தது. சொன்னேன். ஃபுட் கம்பெனி, அவல், விழா, பலகை, எல்லாவற்றையும். நான் ஒரு வாய் குடித்ததையும் சொன்னேன். இவன் கொல்லைப் பக்கம் போய் நின்றுகொண்டான்.

அக்கா அழும், இல்லை கத்தும் என்று எதிர்பார்த்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டது.

"அங்க எவனாச்சும் குடிச்சிட்டு ரோட்டுல கெடந்தானா?"

"நான் பாத்தவரைக்கும் இல்லக்கா."

"அவனுவ பொண்டாட்டிமாருல்லாம் எங்க இருந்தாளுவ?"

"பக்கத்துலயேதான் உக்காந்திருந்தாங்க."

அதுதான் அக்காவுக்கு நம்பவே முடியவில்லை. இரண்டு தடவை கேட்டது. அப்புறம், "ஒரு கிளாசு எவ்வளவு?"

சொன்னேன்.

"நானூத்தம்பது ரூவாயா. ஒங்கத்தான் அதுல நாலு நாளு குடிச்சிருப்பாரு."

எழுந்து போய் அந்தப் பையைப் பிரித்தது. ஒரு கை அள்ளி மூக்குக்கிட்ட கொண்டுபோனது. "மூட்டம் பிரிச்ச மாதிரில்ல வாடை வருது" என்றது. பழைய தவிட்டுத் தொட்டியில் கொட்டி, தண்ணி ஊற்றிப் பிசைந்து மாட்டுக்கு வைத்தது. மாடு முதலில் முகர்ந்தது, பிறகு தொட்டியை நக்கி எடுத்துவிட்டது. அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்று, கொல்லைப் பக்கம் திரும்பி, "வந்து சாப்புடுடா" என்றது. அவ்வளவுதான்.

கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்து என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னது: "அவன் பொழப்பு அது, நான் ஒண்ணும் சொல்லல. அவல் கேட்டா குடு. ஆனா அந்தப் பலவையில ஊரு பேரு போட வேணாம்னு சொல்லிடு தம்பி. கேக்குறவ நாக்கு நம்மளத்தான் சுத்தும்."

பொங்கலுக்கு இன்னொரு தடவை காய்ச்சப்போகிறார்களாம். இவன் போன வாரம் போன் செய்து ஐம்பது கிலோ அவல் கேட்டான். பலகை விஷயத்தை இன்னும் அவனிடம் சொல்லவில்லை. அந்தப் பலகையைப் பார்த்து நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று எனக்குத்தான் தெரியும். அக்கா பதினாறு வருஷம் எப்படித் தலையைக் குனிந்து நடந்தது என்றும் எனக்குத்தான் தெரியும்.

தூயமல்லி இப்போது தூர் கட்டி நிற்கிறது. தை அறுப்புக்கு இன்னும் நாள் இருக்கிறது. நாளைக்குக் காலையில் வடக்கு வயலில் தண்ணியை வடிக்க வேண்டும், இன்னொரு மழை வரும் போலிருக்கிறது.